மூன்று ‘வரை’கள்

சட்டப் புத்தகங்களும் விண்ணப்பப் படிவங்களும் அச்சடிக்கிற அச்சகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் புரூஃப் பார்த்தவர் அவர். ஒரு கமா இடம் மாறிப் போனதற்காக, ஓடிக்கொண்டிருந்த மெஷினை முதலாளியின் கண் முன்னாலேயே நிறுத்தியவர். அன்றிலிருந்து அங்கே எல்லாருக்கும் அவர் கமாக்கா. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பள்ளிப் படிப்போடு சரி, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும் ரகம்.

ஒரு நாள் எழுபத்திரண்டு பக்கக் கையேடு ஒன்று அவர் மேசைக்கு வந்தது. அந்த ஊரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரத்த வங்கி, அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. நடுவில் ஒரே ஒரு பாலம், அதன் மேல் எந்நேரமும் வண்டிகள். அதனால் ரத்தப் பைகளையும் அவசர மருந்துகளையும் ட்ரோனில் ஏற்றி ஆற்றுக்கு மேலாக அனுப்ப ஒரு சின்ன நிறுவனம் வந்திருந்தது. எப்போது பறக்கலாம், எங்கே இறங்கலாம், என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அவர்களுடைய விதிகள்தான் அந்தக் கையேடு.

எழுத்துப் பிழை மொத்தம் நாலுதான் இருந்தது. ஆனால் கமாக்கா ஓரங்களில் சிவப்பு மையால் அறுபத்தொரு கேள்விகளை எழுதி அனுப்பிவிட்டார். ‘பள்ளி நேரத்தில் பள்ளிக்கு மேலே பறக்கக் கூடாது’ என்ற வரிக்குப் பக்கத்தில், ‘நுழையும்போது மணி அடிக்கவில்லை, பாதி தாண்டும்போது அடித்துவிட்டால்?’ என்று கேட்டிருந்தார். ‘இறங்குதளம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும்’ என்ற வரிக்கு, ‘காலியே ஆகவில்லை என்றால்?’

மூன்றாம் நாள் கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் அச்சகத்துக்குள் நுழைந்தார். அந்த நிறுவனத்தின் இன்ஜினியர்.

“இந்த அறுபத்தொரு கேள்வியை யாருங்க கேட்டது?”

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க மேடம். அந்தம்மா கொஞ்சம் அப்படித்தான். கண்டுக்காதீங்க.”

“கண்டுக்கத்தான் வந்திருக்கேன். எங்க அவங்க?”

இருவரும் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து பேசினார்கள். விதிகளைப் பேச்சு மொழியில் எழுதி வைத்தால் படிக்கிறவருக்குத் தகுந்தபடி அர்த்தம் மாறுகிறது, அதனால் அவற்றைத் தனியாக ஒரு மொழியில் எழுதப் பார்க்கிறோம் என்றார் இன்ஜினியர். “அந்த மொழியில ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அக்கா. ரெண்டாவது அர்த்தத்துக்கு இடமே கிடையாது. கம்ப்யூட்டர் அதைப் படிச்சு, விதியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதுதான்னு பார்த்துச் சொல்லும்.”

கமாக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பத்தொன்பது ஆண்டுகளாக வாக்கியங்களின் இரண்டாவது அர்த்தத்தைத் துரத்தியே காலம் போயிருந்தது.

“அப்படி ஒரு பாஷை நிஜமாவே இருக்கா?”

“இருக்கு. எழுதத்தான் ஆள் இல்ல.”

“எனக்குக் கணக்கு வராதும்மா.”

“கணக்கை நான் பார்த்துக்கறேன். எழுதினதை எழுதினபடி படிக்கிற ஆள்தான் எனக்கு வேணும். எங்க ஆளுங்க எல்லாம் எழுதினவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு சேர்த்துப் படிச்சிடறாங்க.”

அடுத்த மாதம் கமாக்கா வேலை மாறினார். நாற்பத்து நாலு வயதில்.

புது அலுவலகம் ஆஸ்பத்திரியின் மேல்தளத்தில், லிஃப்ட் அறைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அறைகள். ஒன்றில் திரைகளின் முன்னால் கேப்டன் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே ட்ரோன்களைக் கவனிப்பவர். மற்ற அறையில் கமாக்காவும் இன்ஜினியரும். வெளியே வந்தால் மொட்டைமாடி. அங்கே மஞ்சள் வண்ணத்தில் ஒரு வட்டம், அதுதான் ட்ரோன்களின் இறங்குதளம். கொஞ்சம் தள்ளிப் பெரிய வட்டம், அது நோயாளிகளைக் கொண்டுவரும் ஹெலிகாப்டருக்கு.

புது மொழியில் எழுத்துகள் குறைவு. சதுரம் போட்டால் ‘எப்போதும்’ என்று அர்த்தம். சாய்சதுரம் போட்டால் ‘என்றைக்காவது ஒருமுறை’. வட்டம் என்றால் ‘அடுத்த கணம்’. இவற்றோடு ‘வரை’ என்பதற்கு ஒரு குறி. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்த அன்று கமாக்காவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ‘அவர் வரும் வரை இரு’ என்று நாம் சொல்கிறோம். அவர் வந்தே தீருவார் என்று வாக்குக் கொடுக்கிற ‘வரை’ ஒன்று. வராமலே போனாலும் நீ இருந்துகொண்டே இரு என்று விட்டுவிடுகிற ‘வரை’ இன்னொன்று. பேச்சில் இரண்டையும் ஒரே சொல்லால் ஒப்பேற்றிவிடுகிறோம். அந்த மொழி ஒப்பேற்ற விடாது. எந்த ‘வரை’ என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடியும்.

வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

“லிஃப்ட் வந்து நிக்கிற வரைக்கும் கதவு திறக்கக் கூடாது. அவ்வளவுதானே? இதுக்குப் போய்த் தனியா ஒரு பாஷையா?”

“நடுவுல மாட்டிக்கிட்டு, வந்து நிக்கவே இல்லைன்னா?”

“கதவு திறக்காது.”

“உள்ள இருக்கிறவங்க?”

கணவர் தட்டைக் கீழே வைத்தார். “அதுக்குத்தான் எனக்கு போன் வருது.”

“ஆகாயத்துல யாருக்கு போன் பண்றது?” என்றார் கமாக்கா. கணவர் அதன்பின் கிண்டல் செய்யவில்லை. லிஃப்ட் கதவில் எந்தப் பூட்டு எந்த விசையைப் பார்த்துத் திறக்கிறது என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார்.

கையேட்டில் மொத்தம் இருநூற்றுப் பத்து விதிகள். ஒவ்வொன்றையும் புது மொழிக்குப் பெயர்ப்பதற்கு முன்னால், எழுதியவரைத் தேடிப் போய்க் கேள்வி கேட்பார். கேப்டனுக்கு அவர் தலையைக் கண்டாலே கொட்டாவி வரும்.

“‘உடனே’ன்னா உடனேதான் மேடம். இதுல என்ன கேள்வி?”

“எத்தனை நொடி சார்?”

“பட்டுன்னு.”

“பட்டுன்னா ரெண்டா, மூணா?”

கேப்டன் மேலே பார்ப்பார், கூரையில் யாராவது காப்பாற்ற இருக்கிறார்களா என்பது போல. பிறகு “மூணு” என்பார்.

ஐந்து மாதம் ஆயிற்று. இருநூற்றுப் பத்தும் கம்ப்யூட்டரில் ஏறிய அன்று, பகல் பதினொரு மணிக்கு இன்ஜினியர் சரிபார்க்கும் நிரலை ஓட்டினார். விதிப்படியே நடந்தும் விபத்தில் முடிகிற வழி ஒன்றும் இல்லை என்றால் ‘இல்லை’ என்று ஒரு வரி வரும். அப்படி ஒரே ஒரு வழி இருந்தால்கூட, அந்த வழியை முதல் அடியிலிருந்து எழுதிக் காட்டும். ஆறு நிமிடத்தில் பதினொரு வரிகள் வந்தன.

கமாக்கா விரல் வைத்துப் படித்தார். முதல் வரி: முதலாம் ட்ரோன் தளத்தில் இறங்கியது. இரண்டு: இரண்டாம் ட்ரோன் ஆற்றைக் கடந்தது. நான்கு: ஹெலிகாப்டர் வான்வெளிக்குள் வந்தது. ஆறு: இரண்டாம் ட்ரோனுடன் தொடர்பு அறுந்தது. பதினொன்றில் ஒரே சொல்: விழுந்தது.

கேப்டன் சிரித்துவிட்டார். “ரெண்டு வருஷமா ஓட்டறோம். இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. அப்படியே நடந்தாலும் நான் கையில எடுத்துக்க மாட்டேனா?”

“ஆறாவது வரியைப் பாருங்க சார்,” என்றார் இன்ஜினியர். “தொடர்பு அறுந்தாச்சு. எதைக் கையில எடுப்பீங்க?”

“அதெல்லாம் பேப்பர்ல நடக்கும்.”

கமாக்காவுக்கும் அது பிடிபடவில்லை. எந்த விதியைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் தப்பே இல்லை. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அச்சகத்தில் சிக்கலான பத்தி வந்தால் இரண்டு பேர் எழுந்து நின்று மாறி மாறி உரக்கப் படிப்பார்கள்.

“எல்லாரும் மாடிக்கு வாங்க. நடிச்சுப் பார்த்துடலாம்.”

மொட்டைமாடியில் ரத்தப் பெட்டிகளை வாங்கி வைக்கிற சிஸ்டரைப் பிடித்து மஞ்சள் வட்டத்துக்குள் நிறுத்தினார். அவர் முதலாம் ட்ரோன். இன்ஜினியர் வட்டத்துக்கு வெளியே நாலு அடி தள்ளி, அவர் இரண்டாம் ட்ரோன். “நீங்க ஹெலிகாப்டர் சார்,” என்றதும் கேப்டன் இரண்டு கைகளையும் விரித்து, வாயால் கடகடவென்று சத்தம் கொடுத்தபடி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடத் தொடங்கினார். சிஸ்டர் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“கையேட்டுல இருக்கிறதை மட்டும்தான் செய்யணும். சொந்த மூளையை யாரும் உபயோகிக்கக் கூடாது,” என்றார் கமாக்கா.

“அது எனக்குச் சுலபம்,” என்றார் கேப்டன் ஓடிக்கொண்டே.

இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்க நின்றார். “சரி, நான் இறங்கணும். உள்ளே நோயாளி இருக்கார்.”

கமாக்கா ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப் படித்தார். “‘பறக்கும் ட்ரோன்கள் அனைத்தும் தரையிறங்கும் வரை ஹெலிகாப்டர் நெருங்கக் கூடாது.’”

“அப்ப நீங்க இறங்குங்க,” என்றார் கேப்டன் இன்ஜினியரிடம்.

ஏழாம் பக்கம். “‘தளத்தில் இருக்கும் ட்ரோன் கிளம்பும் வரை அடுத்த ட்ரோன் மிதந்து காத்திருக்க வேண்டும்.’ சிஸ்டர் நிக்கிறாங்களே.”

“சிஸ்டர், நீங்க கிளம்பிடுங்க.”

முப்பத்தொன்றாம் பக்கம். “‘ஹெலிகாப்டர் வான்வெளியில் இருக்கும் வரை எந்த ட்ரோனும் கிளம்பக் கூடாது.’ இது நீங்க எழுதினது சார்.”

சிஸ்டர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் சிஸ்டரைப் பார்த்தார். பக்கத்து மாடியில் காய்ந்த போர்வைகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

“எவ்வளவு நேரம் இப்படியே நிக்கிறது?” என்று சிஸ்டர் கேட்டார்.

“பேட்டரி தீர்ற வரைக்கும்,” என்றார் இன்ஜினியர்.

விரிந்திருந்த கைகளைக் கேப்டன் மெல்லக் கீழே போட்டார். கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார். “நான் ஓட்டும்போது பின்னால ஒருத்தர் படுத்திருப்பார். மூச்சு விடற சத்தம் ஹெட்போன்லயே கேக்கும்,” என்றார். “இந்த விதியை நான் பாதுகாப்புக்குத்தான் எழுதினேன். சத்தியமா பாதுகாப்புக்குத்தான்.”

அது எல்லாருக்கும் தெரியும். ஏழாம் பக்கத்தை இன்ஜினியர் எழுதியிருந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தைக் கேப்டன். ஐம்பத்தெட்டாம் பக்கத்தை ஆஸ்பத்திரிப் பாதுகாப்புக் குழு. மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், மூன்று பொறுப்பான மனிதர்கள், மூன்று நல்ல வாக்கியங்கள். மூன்றிலும் ஒரு ‘வரை’. கமாக்கா மூன்றையும் பல தடவை படித்திருக்கிறார், ஒரு ‘வரை’யை ஓரத்தில் சுட்டியும் காட்டியிருக்கிறார். ஆனால் மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு நிற்பதை அவரும் பார்க்கவில்லை. ஆகாயத்தையே பார்த்திராத ஒரு பெட்டி ஆறு நிமிடத்தில் பார்த்துவிட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் இறங்கினார்.

சரி செய்வது சுலபமாக இல்லை. தளம் காலியில்லை என்றால் இரண்டாம் ட்ரோன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் வண்டிக் கொட்டகையின் தட்டைக் கூரையில் இறங்கலாம் என்று எழுதினார்கள். நிரல் பதினாலு வரியில் வேறொரு வழியைக் காட்டியது: கொட்டகைக் கூரையிலும் ஏற்கெனவே ஒரு ட்ரோன். அதை அடைத்தார்கள். பதினேழு வரியில் இன்னொன்று: கூரையில் இறங்கிய ட்ரோனில் இருக்கும் ரத்தத்தை எடுக்க யாருக்கும் சொல்லப்படவில்லை, பெட்டி வெயிலில் கிடக்கிறது. அதற்காக வார்டில் மணி அடிக்கும்படி ஒரு விதி. அடுத்தது இருபத்து மூன்று வரி. ஒவ்வொரு தடவையும் வழி நீண்டுகொண்டே போயிற்று. கேப்டன் இப்போது காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து அறைக்குத்தான் போனார். “இன்னிக்கு எப்படிக் கொன்னுச்சு?” என்று ஆவலோடு கேட்பார்.

நாலு மாதம் கழித்து ஒரு மதியம். நிரல் மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு வரி வந்தது.

இல்லை.

அதன் கீழே ஓர் எண். பார்த்து முடித்த நிலைமைகளின் எண்ணிக்கை. கமாக்கா வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்தொரு கோடியும் சில்லறையும்.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும், தொடர்பு எப்ப அறுந்தாலும், யார் முதல்ல வந்தாலும், எந்த வரிசையில எது நடந்தாலும்… நாம எழுதின விதியும், காத்து, தொடர்புன்னு நாம கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்த ஆகாயமும் சரியா இருக்கிற மட்டும், அந்த மூணு பேரும் இனிமே மாட்டிக்க மாட்டாங்க. ஒரு வழிகூட இல்ல.”

“நாற்பத்தொரு கோடியையும் பார்த்துடுச்சா?”

“ஒண்ணு விடாம.”

கமாக்கா எழுந்து வெளியே போனார். மாடியில் வெயில் கொளுத்தியது. தலைக்கு மேலே ஒன்றுமே இல்லாத நீலம். அதில் இன்னும் நடக்காத, பெரும்பாலும் நடக்கவே போகாத நாற்பத்தொரு கோடி நாட்கள் அடுக்கி வைத்திருப்பது போலவும், ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்தது போலவும் அவருக்குத் தோன்றியது. வட்டத்தை ஒட்டி நின்ற சிஸ்டர், “என்னக்கா, தலை சுத்துதா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்றுதான் சொன்னார் கமாக்கா.

பத்து மாதம் போயிற்று. ஒரு காலை, பத்தரை மணி. மலைப்பக்கக் கல்குவாரியிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பியிருப்பதாகச் செய்தி வந்தது. பிரசவம் ஆன பெண், ரத்தம் நிற்கவில்லை. ரத்த வங்கிக்குச் சொல்லி இரண்டு பைகளை ட்ரோனில் ஏற்றிவிட்டார்கள். அந்நேரம் மஞ்சள் வட்டத்தில் வேறொரு ட்ரோன் நின்றுகொண்டிருந்தது. சிஸ்டர் அதன் மூடியைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

கேப்டனின் அறையிலிருந்து குரல் வந்தது. “ரெண்டாவதோட தொடர்பு போயிடுச்சு!”

இன்ஜினியரும் கமாக்காவும் ஓடி வந்தார்கள். கேப்டன் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். செய்ய ஒன்றும் இல்லை. மூன்று பேரும் மாடிக்கு ஓடினார்கள்.

ஆற்றுக்கு மேலே கறுப்பாக ஒரு புள்ளி. அது வளர்ந்தது. நாலு விசிறிகளும் தெரிந்தன. மலைப்பக்கமிருந்து ஹெலிகாப்டரின் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ட்ரோன் மாடியை நெருங்கி வந்து, காற்றில் நின்றது. யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. யாருடைய பேச்சும் அதன் காதில் விழாது. கேப்டன் தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினார். “ஒண்ணு… ரெண்டு… மூணு…”

ட்ரோன் மூக்கைத் திருப்பியது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்த ஆளைப் போல, மாடியின் விளிம்பைத் தாண்டிக் கீழே சரிந்து, கொட்டகைக் கூரையின் நடுவில் போய் உட்கார்ந்தது. விசிறிகள் நின்றன. அந்த நொடியே வார்டில் மணி அடிப்பது மாடி வரைக்கும் கேட்டது. ஹெலிகாப்டர் பெரிய வட்டத்தில் இறங்கியபோது சிஸ்டரின் தலைத்தொப்பி பறந்துபோயிற்று. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். கீழே வார்டு உதவியாளர் ஒருவர் கொட்டகையின் ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடுவது தெரிந்தது. அறுவை அரங்குக்கு ஸ்ட்ரெச்சரும் பெட்டியும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தன என்று பிறகு சொன்னார்கள்.

கேப்டன் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான் இருந்திருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்,” என்றார். அப்புறம், “ஆனா இவ்வளவு நிதானமா இல்ல,” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தத் திரும்பல் ஒரு வாக்கியம். ஒரு சதுரம், ஒரு ‘வரை’, இரண்டு அடைப்புக்குறிகள். கமாக்கா தன் கையால் எழுதி, கூட்டி, திருத்தி, திரும்ப எழுதியது. அச்சகத்தில் அவர் திருத்திய பக்கங்கள் எத்தனையோ ஆயிரம். அவற்றில் ஒன்றாவது இப்படி எழுந்து, காற்றில் நின்று, யோசித்து, வழிவிட்டு ஒதுங்கியதை அவர் பார்த்ததில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கணவரோடு நன்றி சொல்ல வந்தார். டாக்டரைப் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் ஓட்டியவரைப் பார்த்தார்கள். ஏணியில் ஏறிய உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கமாக்கா யாரென்று அவர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. தாழ்வாரத்தில் பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பொண்ணா, பையனா?”

“பொண்ணுங்க.”

“என்ன பேர் வச்சிருக்கீங்க?”

“இன்னும் வைக்கலைங்க. இவங்க அப்பாவுக்கு ஒரு பேர், எனக்கு ஒரு பேர். சண்டை ஓடிட்டிருக்கு.” அந்தப் பெண் சிரித்தார். “கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறீங்களா? மருந்துச் சீட்டு வாங்கிட்டு வந்துடறேன்.”

குழந்தை கனமாக இருந்தது. பால் வாசனை அடித்தது. அது கமாக்காவின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக் கழற்றி, உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டெடுத்த பொருளைப் போல இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கண்ணாடி இல்லாமல் கமாக்காவுக்கு எதிரில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அவர் அசையாமல், அதை அது பார்த்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.